தூக்கத்தில் ஓங்கிய கை

திருச்சானூர்
11 பிப்ரவரி 2024

தம்பி பூவராகவனுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப்போவதில்லை. இந்த மனநல இல்லத்தில் நீ என்னைக் கொண்டுவந்து விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உனக்குப் போன் செய்தேன். இன்றோடு ஒன்பது ஞாயிறு. ஒருமுறைகூட நீ எடுக்கவில்லை. இங்கே யாருக்கும் சொந்த செல்போன் கிடையாது. மேட்ரன் லட்சுமம்மா ஆபீஸ் ரூமில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். மணி அடித்து அடித்து நிற்பதை இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம். "தம்முடு பிசீ" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். தம்பிக்கு வேலையாம். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம். அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை தாயார் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப்போவார்கள், அப்போது தபால்பெட்டியில் போடுவேன்.

டிசம்பரில் நடந்ததை நீ பார்க்கவில்லை. கரண்ட் விடிகாலையில்தான் வருகிறதென்று மோட்டார் போடக் கழனிக்குப் போயிருந்தாய். நானும் உன் பெண்டாட்டி சுமித்ராவும் ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். எனக்குக் கனவு வந்தது. மூன்று நாய்கள் வாசலில் ஏறி வந்தன. ஒன்று என் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. கையை ஓங்கி அடித்தேன். கண் திறந்தபோது நாய் இல்லை. கன்னம் கிழிந்து, கட்டிலிலிருந்து விழுந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு சுமித்ரா தரையில் கிடந்தாள்.

அதை நான் மறுக்கவில்லை. அடித்தது என் கைதான். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெயர் வைத்தீர்களே, "பழைய பைத்தியம் திரும்பிடுச்சி" என்று, அதை மறுக்கிறேன்.

பூவராகவா, என் பைத்தியம் எனக்குத் தெரியும். முப்பதாவது வயதில் வந்தது. இப்போது அறுபத்தாறு. அது வந்தால் எப்படி வரும் என்று சித்தூர் டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சுவருக்குள்ளிருந்து ஆண்குரல் பேசும். சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகத் தோன்றும். பகலிலும் வரும், விழித்திருக்கும்போதே வரும். இது அப்படி இல்லை. இது தூங்கும்போது மட்டும் வருகிறது. கண் விழித்தால் போய்விடுகிறது. விழித்தவுடன் நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன கிழமை என்று எல்லாம் தெரிகிறது. எந்தப் பைத்தியம் கூப்பிட்டவுடன் போகும்?

டாக்டரிடம் இதை என் வாயால் சொல்ல நீ விடவில்லை. நீயே பேசினாய். அவர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அதன் பிறகு தூக்கத்தில் கத்துவது அதிகமாகிவிட்டது. இதை யாரிடமாவது சொன்னாயா?

பதில் எழுது.

அக்கா,
தாட்சாயணி

*

நகரி
24 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் சுமித்ரா கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், எடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் பேசினால் அவள் காதில் விழும். வெளியே போய்ப் பேசினால் யாரிடம் ரகசியம் என்று கேட்பாள். இதைக்கூட மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

சுமித்ராவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு இன்னும் திரும்பவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. கன்னத்தில் தழும்பு நின்றுவிட்டது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அவள் கேட்பது ஒன்றுதான். "முப்பது வருஷமா மனசுல வச்சிக்கினு இருந்தாங்க. தூங்கறேன்னு சொல்லிக்கினு தீத்துக்கினாங்க." நான் இல்லை என்கிறேன். "அப்படின்னா பைத்தியம்தான். ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்கிறாள். இரண்டில் எதைச் சொல்வது? மாத்திரை எழுதியவர் நோய் திரும்பியிருக்கும் என்றார். நான் படித்தவனா, அவரிடம் எதிர்த்துப் பேச?

திலீப் சென்னையிலிருந்து பொங்கலுக்கு வரவில்லை. பேத்தியைக் கூட்டிக்கொண்டு, அத்தை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னான். நீ அங்கே போய்விட்டாய் என்று சொன்ன பிறகும் வரவில்லை. திரும்பி வந்துவிடுவாய் என்று பயப்படுகிறானாம். என் மகன் என்னிடம் பயம் என்று சொல்கிறான், அக்கா.

இரண்டு வருடமாக நீ தூக்கத்தில் கத்துகிறாய். கட்டிலிலிருந்து மூன்று முறை விழுந்தாய். ஒருமுறை சுவரில் குத்தி விரல் வீங்கியது. அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னைப் பற்றி ஊரில் ஏற்கெனவே பேச்சு இருக்கிறது, இதையும் ஏன் சேர்ப்பது என்று மூடி வைத்தேன். மூடி வைத்ததால்தான் சுமித்ராவுக்கு இப்படி ஆயிற்று என்று இப்போது எனக்கே தோன்றுகிறது.

அது நல்ல இடம் என்றுதான் விசாரித்துச் சேர்த்தேன். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை கொடுக்க ஆள், வாரம் ஒரு கோயில். அங்கேயே இரு. கொஞ்ச நாள் போகட்டும்.

பூவராகவன்

*

திருச்சானூர்
3 மார்ச் 2024

தம்பி,

"நல்ல இடம்" என்று எழுதியிருந்தாய். அந்த நல்ல இடத்தில் இரவு எட்டரை மணிக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மாத்திரை கொடுத்த பிறகு லட்சுமம்மா பழைய சேலையைக் கிழித்த துணியோடு வருவார். என் இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியில் கட்டுவார். காலையில் ஐந்தரைக்கு அவிழ்ப்பார். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினால் "ஏமம்மா, மள்ளீ கொடவா?" என்று தெலுங்கில் கேட்பார், மறுபடி கலாட்டாவா என்று. நான் விழித்துக்கொண்டு கத்துகிறேனா, தூங்கிக்கொண்டு கத்துகிறேனா என்று அவருக்கு வித்தியாசம் கிடையாது. கையில் இப்போது வளையல் மாதிரி இரண்டு காயம் இருக்கிறது.

கட்டிப்போட்டால் கனவு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்கவில்லை. முன்பு கனவில் நாயை அடிக்கவாவது முடிந்தது. இப்போது கையைக் கட்டியபடி நாய் வருகிறது.

எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறாள். அடுத்த கட்டிலில் பொன்னியம்மா. சத்தியவேடு பக்கம், அறுபத்தொன்பது வயது. புருஷன் போன பிறகு மனம் உடைந்து, தூக்கம் அறவே போய்விட்டது அவளுக்கு. மாத்திரை போட்டாலும் இரண்டு மணிக்கு விழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கூரைக்குப் பதிலாக என்னைப் பார் என்று சொன்னேன். பதினெட்டு நாள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைக் காலையில் அப்படியே சொல்வாள்.

"நாலு மணிக்கு மேலதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னால கல்லு மாதிரி தூங்கற. கண்ணு மூடித்தான் கீது, ஒருநாளும் தெறந்து நான் பாக்கல. எதையோ வெரட்டற. எட்டி ஒதைக்கற. பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே முழிச்சிக்கினு 'இன்னா பொன்னி'ங்கற. அப்புறம் சாந்தமா பேசற. பேய் புடிச்சவ இப்படியா பேசுவா?"

பதினெட்டு நாளில் பதினொரு நாள் இப்படி. எல்லாமே விடிகாலையில். பகலில் ஒருநாள்கூட இல்லை. சுவர் என்னிடம் பேசவில்லை. சோறு சோறாகத்தான் இருக்கிறது, உப்பு மட்டும் குறைவு.

சுமித்ராவிடம் ஒன்று சொல். அவளை அடிக்க வேண்டுமென்று எனக்கு ஆசை இருந்திருந்தால், பட்டப்பகலில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அடித்திருப்பேன். முப்பது வருடத்தில் அதற்கு அவள் எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறாள். தூங்கும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை நான். அவளுக்கே அது தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி. கட்டாதே என்று நேற்று லட்சுமம்மாவிடம் சண்டை போட்டேன். "உங்க வீட்டுக்காரங்க கையெழுத்து கீது" என்று ஃபைலைத் தட்டினார். அது யாருடைய கையெழுத்து?

தாட்சாயணி

*

நகரி
15 மார்ச் 2024

அக்கா,

என்னுடையதுதான்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான்கு நாள் தாளை மடித்து வைத்திருந்தேன். சேர்த்த அன்றைக்கு ஐந்தாறு தாள் கொடுத்தார்கள். எல்லாம் தெலுங்கில் இருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. "பேஷன்ட் விழாம இருக்கறதுக்கு, மத்தவங்களுக்கு அடிபடாம இருக்கறதுக்கு" என்றார்கள். போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று சொல்லலாம். முழுக்கத் தெரியாமல் இல்லை. பெல்ட் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். சேலைத்துணி என்று நினைக்கவில்லை.

உனக்கு என் மேல் கோபம் இருக்கும். எனக்கும் உன் மேல் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உன் புருஷன் உன்னை வேனில் ஏற்றி நம் நைனா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. புத்தூர் ரோட்டில் நீ தலைவிரித்துப் போட்டுக்கொண்டு ஓடியபோது பின்னால் ஓடியவன் நான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பஸ்ஸில் கூட்டிப்போவேன். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். குணமாகி, சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசனுக்குச் சீசன் வேலைக்குப் போனாய். கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பழம் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. மேஸ்திரி உன்னை மேடம் என்று கூப்பிட்டதை ஊரெல்லாம் சொன்னவனும் நான்தான். முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் உன்னைப் பாரம் என்று சொன்னதில்லை.

ஆனால் அந்த டிசம்பர் விடிகாலையில் கழனியிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது, நான் நினைத்தது ஒன்றுதான். மறுபடியும் முதலிலிருந்தா? எனக்கு அறுபத்தொன்று. இன்னொரு முறை அந்த ரோட்டில் ஓட என் காலுக்குத் தெம்பு இல்லை. பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

கட்டக்கூடாது என்று போனில் அந்த அம்மாவிடம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே கொடுத்துவிடு. நீ சொல்வது நிஜமாக இருந்தால், அது என்ன நோய்? அதற்கு ஒரு பெயர் இருக்குமா?

பூவராகவன்

*

திருச்சானூர்
27 மார்ச் 2024

தம்பி,

பெயர் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லட்சுமம்மா வாங்கி, படித்து, "மேனேஜர் வரட்டும்" என்று டிராயரில் போட்டார். அன்று இரவும் துணியோடு வந்தார். நான் கட்டிலில் இல்லை. மெத்தையை இழுத்துத் தரையில் போட்டு, சுவரோரம் படுத்திருந்தேன். கட்டுவதற்குத் தரையில் கம்பி இல்லை. கட்டிலில் ஏறு என்றார். "ஏறமாட்டேன். கட்டில்ல படுத்தா விழுவேன்னுதான கட்டற? தரையில படுத்தா எங்க விழுவேன்?" என்று கேட்டேன். ஆயாக்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். பொன்னியம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வரிசையில் மொத்தம் ஏழு கட்டில். தாயார் சத்தியமாகச் சொல்கிறேன், மற்ற ஐந்து பேரும் தங்கள் மெத்தையை இழுத்துத் தரையில் போட்டார்கள். அதில் ஒருத்திக்கு எதற்கு என்றே தெரியாது, எல்லோரும் போடுகிறார்கள் என்று போட்டாள். லட்சுமம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். அன்றிலிருந்து கட்டு கிடையாது.

அவரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. நாற்பது பேருக்கு இரவில் ஒரே ஆள். இருந்தாலும் அது என் கையைக் கட்டுவதற்குக் காரணம் ஆகாது.

மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் டாக்டர் ஜெயச்சந்திரன் இல்லத்துக்கு வருவார். ஆளுக்கு மூன்று நிமிஷம். மாத்திரையை மாற்றாமல் எழுதிக்கொண்டே போவார். போன சனிக்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், "எனக்குப் பைத்தியம் பத்திப் பேச வேணாம் சார். அது நல்லா கீது. என் தூக்கத்தப் பத்திப் பேசணும்" என்றேன். பேனாவை நிறுத்தினார். பொன்னியம்மாவை உள்ளே கூப்பிட்டு சாட்சி சொல்ல வைத்தேன். முழுவதும் கேட்டார். கண் மூடியிருக்கிறதா, விழித்ததும் கனவு ஞாபகம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "வாசனை தெரியுதாம்மா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். பால் தீய்ந்தது தெரியவில்லையா என்று சுமித்ரா என்னைத் திட்டுவாளே, நிஜமாகவே தெரியவில்லை. மூன்று வருடமாக மல்லிப்பூவுக்கும் எனக்கு மணம் இல்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கனவு வரும்போது நம்ம மூளையே ஒடம்பக் கட்டிப் போட்ரும்மா. கனவுல ஓடுவோம், ஆனா கால் அசையாது. வயசானவங்க சில பேருக்கு அந்தக் கட்டு அவுந்து போய்டும். கனவுல செய்யறத கையும் காலும் செய்யும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகமா வருது. சில மாத்திரையே இதத் தூண்டி விடும்."

இரண்டு வருடத்துக்கு முன் மனச்சோர்வுக்கென்று ஒரு புது மாத்திரை சேர்த்தார்களே, அதன் பேரைக் கேட்டுத் தலையை ஆட்டினார். சித்தூரில் இரட்டிப்பாக்கியதும் அதைத்தான். கனவு நோய்க்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் சொன்னார், எனக்கு எழுத வரவில்லை. பைத்தியம் என்ற வார்த்தை அந்தப் பேரில் இல்லை, அது எனக்குப் போதும்.

மூளை கட்டாமல் விட்டதை இவர்கள் சேலைத்துணியால் கட்டினார்கள் பார்.

உறுதி செய்ய, திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கத் தூங்க வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் பதினெட்டு, வியாழக்கிழமை. கூட ஒருத்தர் இருக்க வேண்டும். இல்லத்திலிருந்து ஆள் அனுப்ப முடியாதாம். நீ வா. வரமுடியாது என்றால் அதையும் எழுது. பொன்னியம்மாவைக் கூட்டிப்போகிறேன்.

தாட்சாயணி

*

நகரி
6 ஏப்ரல் 2024

அக்கா,

வருகிறேன். சுமித்ராவிடம் திருத்தணிக்குப் போவதாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று உண்மையையே சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலையில் மட்டும், "ராத்திரி அங்க குளுரும். ஸ்வெட்டர் எடுத்துக்கினு போ" என்றாள். ஏப்ரல் மாதம் திருப்பதியில் யாருக்குக் குளிரும்? ஏசி இருக்கும் என்று திலீப் போனில் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. அவனிடமும் அவள் பேசியிருக்கிறாள்.

மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவேன்.

பூவராகவன்

*

நகரி
21 ஏப்ரல் 2024

அக்கா,

வெள்ளிக்கிழமை காலையில் உன்னை ஆட்டோவில் இல்லத்தில் இறக்கிவிட்டபோது எனக்குப் பேச வரவில்லை. நீயும் என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதையெல்லாம் எதிரில் நின்று சொல்ல எனக்கு வராது.

தலை, தாடை, நெஞ்சு, கால் எல்லா இடத்திலும் உனக்கு ஒயர் ஒட்டினார்கள். "பூ வைக்கற எடத்துல இன்னா வைக்கறீங்க" என்று அந்த டெக்னீஷியனைக் கேட்டுச் சிரித்தாய். அதன் பிறகு என்னைப் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். கேமராவில் உன் படுக்கை தெரிந்தது. கீழே கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

நாலே கால் மணிக்கு டெக்னீஷியன் என் தோளைத் தட்டினார். "சார், இந்தக் கோட்டப் பாருங்க. தாடைச் சதையோடது. கனவு ஓடற நேரத்துல இது படுத்துக் கெடக்கணும். குதிக்குது பாருங்க." நான் கோட்டைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. முகம் தூங்குகிற முகம்தான். ஆனால் உன் வலது கை ஏதோ ஒன்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. காலால் உதைத்தாய். பிறகு சத்தமாக, தெளிவாகச் சொன்னாய். "பூவா, மரத்து மேல ஏறு. ஏறுடா. நான் பாத்துக்கறேன்."

அக்கா, எனக்கு அறுபத்தொரு வயது. என்னைப் பூவா என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை. கனவில் நான் எவ்வளவு பெரியவனாக இருந்தேனோ தெரியாது. உள்ளே போய் உன்னை எழுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், டெஸ்ட் கெட்டுவிடும் என்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கட்டிப்போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன், நீ என்னைக் காப்பாற்ற அடித்துக்கொண்டதை உட்கார்ந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சுமித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கு என்னிய யாருன்னு நெனச்சாங்களாம்?" என்று கேட்டாள். நாய் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்க வேண்டும். "நானா நாயி?" என்று அரை மணி நேரம் திட்டினாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரச் சொல்லு. ஆனா என் ரூம்ல வேணாம். எனக்கு இன்னும் பயமாத்தான் கீது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ராத்திரியில் நான் திரும்பிப் படுத்தால்கூட விழித்துக்கொள்கிறாள்.

அதனால் ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். பம்ப் செட்டுக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். தரையில் மெத்தை, கூர்மையான சாமான் எதுவும் இருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு நானே வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலையில் திறந்துவிடுகிறேன். உன் பாதுகாப்புக்குத்தான். ரிப்போர்ட் வந்ததும் வந்து கூட்டிப்போகிறேன். சரி என்று எழுது.

பூவா

*

திருச்சானூர்
19 மே 2024

பூவாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல்முறை அழுதேன். இரண்டாவது முறை தாழ்ப்பாள் இருக்கிற வரியில் நின்றுவிட்டேன். சேலைத்துணியை நீக்கிவிட்டு இரும்புத் தாழ்ப்பாள் போடுகிறேன் என்கிறாய். நல்ல மனதோடுதான் சொல்கிறாய், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் மாட்டேன். வெளியிலிருந்து பூட்டுகிற அறையில் இனி ஒருநாளும் தூங்கமாட்டேன். அதை யார் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தாலும் சரி.

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன நோயேதான். அந்தப் புது மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். சுவரில் கேட்கிற குரலுக்கான பழைய மாத்திரையைத் தொடவில்லை, நானும் தொடவிடமாட்டேன். தூங்குவதற்கு முன் போட ஒரு சின்ன மாத்திரை. கத்தல் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்திருக்கிறது. முழுக்க நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னார், உன்னிடம் மறைக்கமாட்டேன். இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேருக்குப் பத்து வருடம், பதினைந்து வருடம் கழித்துக் கைநடுக்கமோ மறதியோ வரலாமாம். வாசனை போனதும் அதற்கு ஓர் அடையாளமாம். எனக்கு வரும் என்று சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது, வருடா வருடம் காட்டுங்கள் என்றார். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டேன். பத்து வருடம் கழித்து எனக்கு எழுபத்தாறு. இப்போதைக்குக் கை நடுங்காமல் இருக்கிறதே. அந்தக் கையால் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று எழுந்தேன்.

முதலில் செய்தது கையெழுத்து. சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவோம் என்று மேனேஜர் சொன்னார். டாக்டர் ஜெயச்சந்திரன் அங்கேயே இருந்தார். "இந்த அம்மாவுக்குப் புத்தி தெளிவா இருக்கு. தன் முடிவத் தானே எடுப்பாங்க. அவங்க கையெழுத்தே போதும், நான் எழுதித் தர்றேன்" என்றார். தாளை நீட்டினார்கள். எல்லாம் தெலுங்கு. படித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்து, அர்த்தம் கேட்டு, பிறகு தமிழில் கையெழுத்துப் போட்டேன். பின்னாலேயே பொன்னியம்மாவும் தன் தாளைக் கேட்டாள். உனக்குத் தடுக்கி விழுந்தால் தூக்கிவிடக்கூட ஆள் இல்லை, எங்கே போவாய் என்றார்கள். "இவ கூட" என்றாள்.

இல்லத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஓர் அறை. எங்கள் இரண்டு பேர் முதியோர் பென்ஷனுக்குள் அடங்குகிறது. கட்டில் கிடையாது, இரண்டு மெத்தை, நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடைவெளி. தாழ்ப்பாள் உள்பக்கம். பொன்னிக்குத் தூக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் பாதி ராத்திரியில் எழுந்து கூரையைப் பார்ப்பதற்குப் பதிலாக அரிசி களைந்து ஊறவைக்கிறாள். நான் கத்தினால் பேர் சொல்லி எழுப்புகிறாள். டாக்டர் அவளையும் தனியாக வரச் சொல்லியிருக்கிறார்.

சுமித்ராவுக்கு நான் எழுதுவதாக இதைப் படித்துக் காட்டு. சுமித்ரா, உன்னை அடித்தது என் கை. உன் மணிக்கட்டுக்கும் கன்னத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மனதில் வைத்து அடித்தேன் என்பதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அது நடக்கவில்லை. நீ பயப்படுவது நியாயம். பயம் போன பிறகு வா. போகாவிட்டால் பகலில் வா.

குடிவந்த மூன்றாம் நாள் விடிகாலையில் மறுபடி கத்தியிருக்கிறேன். பொன்னி எழுப்புவதற்குள் கதவைத் தட்டினார்கள். மாடிவீட்டுக்காரர், எதிர் அறைக்காரர், நான்கைந்து பேர். "நான் போய் ஏதாவது கெட்ட கனவுன்னு சொல்லி அனுப்பிடறேன்" என்று பொன்னி எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே போய்க் கதவைத் திறந்தேன்.

"எனக்குத் தூக்கத்துல கத்தற நோய் கீது. கையக் கால ஆட்டுவேன். அது கனவு நோய், டாக்டர் ரிப்போர்ட் கீது. மனநோயும் கீது, அது வேற, முப்பத்தாறு வருஷமா கீது. ரெண்டுக்கும் மாத்திரை துன்றேன். கதவுக்கு உள்ளதான் கத்துவேன், வெளிய வந்து யாரையும் ஒண்ணும் செய்யமாட்டேன். இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றேன். தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கில் இன்னொரு முறை சொன்னேன். நம் வாசலில், நம் ஊரில், இந்த இரண்டு நோயையும் நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, பூவா. நீயும் சொல்லவிட்டதில்லை.

முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று பொன்னி துணிகளை மடித்து வைத்துவிட்டாள். பத்து மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மாடிவீட்டு அம்மா, தனியாக வந்திருந்தார். உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்து, தரையில் போட்ட மெத்தைகளைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா கட்டில்லேர்ந்து விழறாரு. எட்டி ஒதைக்கறாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பாக்கற டாக்டர் எந்தக் கிழமை வருவாரு?"

உட்காரச் சொல்லி, அவருக்குத் தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது உன் ஞாபகம் வந்தது. அதனால்தான் அதே பேனாவில் இதையும் எழுதி முடிக்கிறேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறி, தாயார் கோயில் வாசலில் இறங்கு. அங்கே நின்று போன் செய். இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு போன் இருக்கிறது. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த முறை எடுப்பதா வேண்டாமா என்பது என் கையில் இருக்கிறது. எடுப்பேன்.

உன் அக்கா,
தாட்சாயணி